வால் ஆடும் விமானம்

"மறுபடியும் ஆடிடுச்சு!" என்று கத்திக்கொண்டே விமானத்திலிருந்து இறங்கினார் ஓட்டகர் என்ற செக் நாட்டுக்காரர்.

புல் ஓடுபாதையின் ஓரத்தில், மஞ்சளாய்ப் பூத்திருந்த கடுகு வயலுக்கு இரண்டடி தள்ளி, அந்தச் சின்ன விமானம் கோணலாக நின்றது. பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை ஏழு வருடம் வீட்டு கராஜில் உட்கார்ந்து பூட்டி, ஒட்டி, அவரே செய்த விமானம். பறப்பதில் குறையே இல்லை. இறங்கும்போதுதான் வம்பு. தரையைத் தொட்டதும் வால் இடமும் வலமுமாக வீசியடிக்கும்.

பிர்னோ நகரில் முப்பது வருடமாக டிராம் ஓட்டும் மனிதருக்கு இந்த ஆட்டமெல்லாம் புதிது.

மனைவி அலெனா கறாராகச் சொல்லியிருந்தார். "வால் ஆடாம மூணு தடவ இறக்கிக் காட்டு. அப்புறம் உன்கூட ஏறுறேன். அதுவரைக்கும் எங்க அக்கா வீட்டுக்கு ரயில்லயே போய்க்கிறேன்."

"பயமா?"

"பயம் இல்ல ஓட்டா. முன்யோசனை."

அலெனாவைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்துப் பறக்கத்தான் அந்த ஏழு வருடமும். எனவே வாலின் அடியிலிருந்த குட்டிச் சக்கரத்தை ஒரு வழி பண்ணுவது என்று முடிவெடுத்தார் ஓட்டகர். சக்கரத்தைச் சுக்கானோடு இணைத்த இரண்டு ஸ்பிரிங்கும் தொளதொளவென்று இருப்பதாகப் பட்டது. கழற்றி எறிந்துவிட்டு, கராஜ் கதவின் முரட்டு ஸ்பிரிங்கை வெட்டி மாட்டினார்.

வால் ஆடவில்லை. சக்கரம் திரும்பவும் மறுத்தது. இறங்கிய வேகத்தில் விமானம் நேரே கடுகு வயலுக்குள் போய் நின்றது.

தலையெல்லாம் மஞ்சள் பூவோடு வெளியே வந்தவரை விமானச் சங்கத் தலைவர் ஹினெக் ஏற இறங்கப் பார்த்தார். "என்னய்யா, கல்யாணமா?"

"சக்கரம் சின்னதா இருக்கு. அதான் கோளாறு."

தோட்டத்துத் தள்ளுவண்டியின் குண்டுச் சக்கரம் வாலுக்கு வந்தது. வால் உயர்ந்தது, மூக்கு குனிந்தது. சங்கத்தின் விமானக் கொட்டகையிலிருந்து ஓடுபாதைக்குப் போவதற்குள் விமானத்தின் மூக்கிலிருந்த விசிறி வழிநெடுகப் புல்லைச் சீவித் தள்ளியது.

"இனிமே புல்லு வெட்ட ஆள் வேண்டாம்" என்றார் ஹினெக்.

மூக்கைத் தூக்குவதற்காக முன்சக்கரங்களைத் தாங்கிய முன்கால்களை ஒரு சாண் நீட்டினார் ஓட்டகர். மூக்கு எழுந்தது. கூடவே இறக்கையும் எழுந்தது. திரும்ப உள்ளே தள்ளும்போது கொட்டகையின் வாசல் உத்தரத்தில் 'டங்'கென்று இடித்தது.

"வாசல் தாழ்வா இருக்கு."

"நாப்பது வருஷமா அதே உயரம்தான்யா இருக்கு!"

ஹினெக் சாப்பிடப் போன நேரம் பார்த்து, உத்தரத்தின் அடியில் கொஞ்சமாகச் செதுக்கலாம் என்று ரம்பத்தோடு ஏணியில் ஏறினார் ஓட்டகர். கொஞ்சம் நிறையவே போய்விட்டது. உத்தரம், ஒரு பக்கக் கதவு, சங்கத்தின் பெயர்ப்பலகை எல்லாம் வரிசையாக வந்து ஹினெக்கின் சைக்கிள்மேல் படுத்துக்கொண்டன.

கையில் கரண்டியோடு ஓடிவந்தார் ஹினெக். "உன் வால் ஆடுறதுக்கு என் கொட்டகைய ஏன்யா அறுக்குற? ஞாயித்துக்கிழம வரைக்கும் டைம். அதுக்குள்ள இந்த விமானம் இங்கேருந்து போயிடணும்!"

ஓட்டகர் குண்டுச் சக்கரத்தைக் கழற்றினார். பழைய சக்கரத்தையும் பழைய ஸ்பிரிங்கையும் தேடியெடுத்து மாட்டினார். முன்கால்களைப் பழையபடி ஆக்கினார். பிறகு சங்கத்து உணவகத்தில் போய் உட்கார்ந்து, ஆறிப்போன சூப்புக்குப் பக்கத்தில் ஒரு தாளை விரித்து எழுதினார்: 'விமானம் விற்பனைக்கு. நன்றாகப் பறக்கும். வால் ஆடும்.'

தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த சமையல்காரி பிளாங்கா எட்டிப் படித்தாள். "ஐயையோ, விக்கப் போறீங்களா? எதுக்கு?"

"வேற என்ன செய்ய? அலெனாவுக்காகச் செஞ்சது. அவளே ஏற மாட்டேங்கிறா." பேனாவை மூடி வைத்தார். "என்னால முடிஞ்சதெல்லாம் பண்ணிப் பாத்துட்டேன், பிளாங்கா. இது பிறவிக் கோளாறு. யார் இறக்கினாலும் இந்த வால் ஆடத்தான் செய்யும்."

பிளாங்கா துடைப்பதை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"அப்படியா? நீங்க டிராம் ஓட்டப் போற நாள்ல உங்க வீட்டம்மா வந்து இந்த விமானத்த எடுத்துட்டுப் போவாங்களே, அவங்க இறக்கும்போது ஒரு தடவகூட ஆடினதில்லையே!"