குறுக்கே போனால் அகலம்

மனித நாகரிகம் சக்கரத்தைக் கண்டுபிடித்தவனிடம் தொடங்கியது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெரும் பிழை. சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் நடக்கச் சோம்பல்பட்ட எவனோ ஒருவன். அவனைக் கைநீட்டி மறித்து, ‘இது எவ்வளவு அகலம்?’ என்று கேட்டானே இன்னொருவன், அவனிடம்தான் நாகரிகம் தொடங்கியது. அந்த மகானின் வழிவந்த அலுவலகத்தில் நான் இரண்டாம் நிலை அளவு அதிகாரி.

அலுவலகத்தின் முழுப்பெயர் ‘பொதுச்சாலைகளில் பண்ணை இயந்திரங்களின் பரிமாணம் மற்றும் பளு ஒழுங்குறுத்து ஆணையம்’. பெயர்ப்பலகை வாசலைவிட நீளமாகிவிட்டதால் கதவின் ஒரு பக்கம் மட்டும்தான் திறக்கும். நாங்கள் எல்லோரும் பக்கவாட்டில் நுழையப் பழகிவிட்டோம். டிராக்டர், அறுவடை மிஷின், கலப்பை, மருந்தடிக்கும் வண்டி ஆகியவற்றிடமிருந்து சாலையைக் காப்பாற்றுவது எங்கள் திருப்பணி. சோறு வயலில்தான் விளைகிறது, மறுக்கவில்லை. ஆனால் சாலை இல்லாவிட்டால் அந்த வயலைக் குறை சொல்ல நாங்கள் எப்படிப் போய்ச் சேருவோம்?

எங்கள் மேலதிகாரியை எல்லோரும் ‘அங்குலம் ஐயா’ என்போம். எதிலும் அங்குலம்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். ஒருமுறை சொந்த வீட்டு மாடிப்படியில் கட்டில் ஏறவில்லை என்று தெரிந்ததும், கட்டிலுக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தவர்.

ஒரு நாள் காலை என் அக்கா போன் செய்தாள்.

“டேய், வானத்தப் பாத்தியா?”

“ஆபீஸ் நேரத்துல நான் வானம் பாக்கறதில்லக்கா.”

“மேற்கால கருகருன்னு கட்டிக்கிட்டு வருதுடா. ரோட்டுக்கு இந்தப் பக்கம் அறுத்தாச்சு. மிஷின அந்தப் பக்கம் கொண்டு போகணும். ஏதோ புதுசா சட்டம் போட்டிருக்கீங்களாமே, எதுக்கும் உங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு உங்க மாமா சொல்றாரு.”

கேட்காமல் ஓட்டியிருந்தால் தும்மி முடிப்பதற்குள் மிஷின் அந்தப் பக்கம் போயிருக்கும். கேட்டார்கள். இப்படிப்பட்ட நல்ல குடிமக்கள் இருப்பதால்தான் எங்களுக்கு வேலை இருக்கிறது. டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அக்காவின் நிலத்தை ஒரு சாலை நடுவே பிளந்துகொண்டு போகிறது. இந்தப் பக்கத்துத் தானியம் விற்பனைக்கு. அந்தப் பக்கம் விளைவதுதான் வீட்டுச் சாப்பாட்டுக்கும் அடுத்த விதைப்புக்கும். வருஷா வருஷம் என் வீட்டுக்கு வரும் மூட்டையும் அங்கே விளைவதுதான். நான் போய் இறங்கியபோது மிஷின் சாலையில் ஏறிவிட்டிருந்தது. பின் சக்கரங்கள் அறுத்த வயலில், முன் சக்கரங்கள் சாலையில். மூக்கு அந்தப் பக்கத்து ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் கதிருக்குள் இருக்கும். சட்டம் தள்ளுகளை அங்கீகரிப்பதில்லை. கைநீட்டி மறித்தேன்.

மேலே உட்கார்ந்திருந்த மாமா, அதாவது அக்காவின் கணவர், உடனே இன்ஜினை அணைத்தார். சாது. முன்னால் இருக்கும் வெட்டுப் பகுதி அகலம் என்பதால் அதைக் கழற்றித் தனியாக டிரெய்லரில் அந்தப் பக்கம் அனுப்பியும் விட்டாராம். சட்டம் அதைத்தான் சொல்கிறது. டேப்பைப் போட்டேன். சக்கரத்துக்குச் சக்கரம் அளந்தால் வரம்புக்குள் இருந்தது. மறுபடி அளந்தேன். அப்போதும் வரம்புக்குள். ஓர் அளவு அதிகாரியின் வாழ்வில் இதைவிடச் சோர்வான நிமிடம் கிடையாது.

“சரியா இருக்குல்ல? எடுக்கட்டுமா மாப்ள?” என்றார் மாமா.

அப்போதுதான் எனக்குள் சட்டம் பேசியது. இரண்டாம் பிரிவு: ‘அகலம் எனப்படுவது சாலையின் குறுக்காக அளக்கப்படும் அளவாகும்.’ மிஷின் சாலையின் குறுக்காக நின்றுகொண்டிருந்தது. மூக்கிலிருந்து வால் வரை டேப்பை இழுத்தேன். எட்டு மீட்டர்!

“மாமா, இறங்குங்க. அகலம் எட்டு மீட்டர். அனுமதி மூணுதான்.”

“அது நீளம்டா!” என்றாள் அக்கா.

“ரோட்டோட போனா நீளம். குறுக்க போனா அகலம்.”

“அப்ப அகலம் எங்கடா போச்சு?”

“அது இப்ப நீளமாயிடுச்சு. அது எவ்வளவு வேணா இருக்கலாம். அதுல உனக்கு எந்தச் சிக்கலும் இல்லக்கா.”

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். மாமா கியரில் கை வைத்து, “சரி மாப்ள, பின்னால எடுத்துடறேன்” என்றார்.

“பின்னால போறதும் போறதுதான் மாமா. சட்டவிரோத அகலத்தோட ரோட்டுல நகரக்கூடாது.”

“அப்ப என்னதான் பண்றது?”

“நிக்கலாம். நிக்கறதுக்குத் தடை இல்ல.”

“டேய், உன் மூட்டையும் அங்கதான்டா நிக்குது” என்றாள் அக்கா. இதை நான் லஞ்சம் தரும் முயற்சி என்று குறித்துக்கொள்ளவில்லை. கூடப்பிறந்தவள் என்ற பாசம்தான் காரணம்.

சற்று நேரத்தில் இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்துவிட்டன. முன்னால் நின்ற பால் வண்டிக்காரர் இறங்கி வந்தார். “சார், வெயில்ல பால் திரிஞ்சிடும் சார்.”

“பாலுக்கு அளவு அதிகாரி வேற. நான் மிஷினுக்கு மட்டும்தான்.”

விஷயம் கொள்கை சம்பந்தப்பட்டது என்பதால் அங்குலம் ஐயாவுக்குச் சொல்லியனுப்பினேன். அவர் ஜீப்பில் வந்தார். பின்னால் இன்னொரு ஜீப்பில் நாற்காலிகளும் கோண நிபுணரும் வந்தார்கள். கோண நிபுணர் தன் மகளின் ஜாமெட்ரி பாக்ஸைக் கையோடு கொண்டுவந்திருந்தார். மிஷினின் நிழலிலேயே ‘அவசரக் கூட்டம்’ கூடியது. அந்தச் சாலையில் அன்று அந்த மிஷினால் பயன் பெற்றவர்கள் நாங்கள் மட்டுமே.

“மிஷின் சாய்வா ஏறி சாய்வா இறங்கினா என்ன?” என்று கேட்டார் ஐயா.

கோண நிபுணர் பாகைமானியைக் கண்ணருகே பிடித்து மிஷினைப் பார்த்தார். “கொஞ்சம் சாஞ்சா கொஞ்சம் நீளம், கொஞ்சம் அகலம். எந்த இடத்துல நீளம் முழுசா அகலமா மாறுதுங்கறதுதான் ஆய்வுக்குரியது. கமிட்டி போட்டா சொல்லிடலாம்.”

“ஐயா, முழுகறவனுக்குச் சாண் என்ன, முழம் என்ன?” என்று அக்கா குறுக்கிட்டாள். “மழை வருதுங்க. நீங்க எல்லாரும் சித்த நேரம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. நாங்க போயிடறோம்.”

ஐயாவின் முகம் இறுகியது. “திரும்பி நிக்கற அதிகாரம் எனக்கு இல்லம்மா. அதுக்கு மேலிடத்துல உத்தரவு வாங்கணும்.”

மிஷினைத் திருப்ப முடியாத நிலையில் சாலையைத் திருப்பலாமா என்று ஒரு யோசனை வந்தது. சொன்னது நான்தான். ஐயா முதுகில் தட்டிக்கொடுத்து, அதைப் பொறியாளர்களின் ‘கனிவான பார்வைக்கு’ அனுப்பச் சொன்னார். இதற்குள் பால் வண்டிக்காரர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவில்லை. பின்னால் நின்ற பஸ்ஸும் சேர்ந்துகொண்டது. ஐயா எழுந்து நின்றார். பொதுநலம் என்று வந்துவிட்டால் அவர் உட்கார்ந்திருக்க மாட்டார்.

“மக்களுக்கு வழி விடுங்க! மாற்றுப்பாதை போடுங்க!”

“மிஷினுக்குப் பின்னாடி சுத்திப் போகட்டுங்க” என்றார் மாமா. “அறுத்த வயல்தான். வெறும் தாளு.”

அவர் விவசாயி, நிர்வாகம் தெரியாது. மிஷினின் பின்பாதி இருக்கும் இடம் ‘விசாரணையில் உள்ள இடம்’. அதன் வழியாக வண்டி விடலாமா? ஆகவே மாற்றுப்பாதை மிஷினின் மூக்குக்கு முன்னால், அறுக்காத கதிர் வழியாகப் போவதாக ஐயா முடிவு செய்தார். சிவப்புக் கொடியை என்னிடம் கொடுத்தார்.

அக்கா ஓடிப்போய்ப் பால் வண்டிக்கு முன்னால் நின்றாள். “யோவ், அது என் வீட்டுச் சாப்பாடு! ஏறாத!”

“நான் என்னம்மா பண்ணட்டும்? அவங்கதான் கை காட்டறாங்க” என்றார் அவர் பரிதாபமாக.

கை காட்டியது நான்தான். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் என்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள். எனக்கு உள்ளே சுருக்கென்றது. டேப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், சரியாகிவிட்டது. மாமா வந்து அவள் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். பால் வண்டி கதிருக்குள் இறங்கியது.

பின்னால் பஸ் போனது. பஸ்ஸுக்குப் பின்னால் மணல் லாரிகள் போயின. எதிர்ப்பக்கத்திலிருந்தும் வண்டிகள் வரவே, பாதையை இருவழியாக அகலப்படுத்தினோம். லாரிகள் திரும்ப இடம் போதவில்லை என்றார்கள், அதையும் கொடுத்தோம். இவற்றில் எதையும் நாங்கள் அளக்கவில்லை. அவை பண்ணை இயந்திரங்கள் அல்ல. வேலி பயிரை மேயும் என்று பழமொழி உண்டு. சாலை பயிரை மேய்ந்ததாகப் பெரியவர்கள் யாரும் சொல்லிவைக்காததால் எங்களைத் தடுக்க வழியில்லாமல் போயிற்று. மாலையில் மழை பிடித்துக்கொண்டது. ஓரங்களில் மிச்சம் நின்ற கதிரும் படுத்துவிட்டது.

மிஷின் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் அங்கேயே நின்றது. சாலைக்கும் அதனால் ஒரு கீறல்கூட இல்லை என்று ஐயா குடைக்குள் நின்று அறிவித்தார்.

மறுவாரம் ஆணையம் கூடி மூன்று தீர்மானங்களை நிறைவேற்றியது. ஒன்று, மக்கள் வண்டி ஓட்டிப் பழகிவிட்டதால் அந்த வயல் இனி பொதுச்சாலை. இரண்டு, பொதுச்சாலையாகிவிட்டதால் அறுவடை மிஷின் அங்கே இறங்கக் கூடாது. மூன்று, பொதுச்சாலையில் தானியம் வளர்ப்பது ஆக்கிரமிப்பு. வளர்த்தவர் மீது நடவடிக்கை. நான்காவதாக என்னை முதல் நிலை அதிகாரி ஆக்கினார்கள். அது தீர்மானம் அல்ல, நன்றிக்கடன்.

நோட்டீஸை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சொந்தம் என்பதால் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. அக்கா அடுப்படித் தரையில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். சேற்றிலிருந்து பொறுக்கி வந்த கதிர்களை உதிர்த்து, முளைவிட்டதை ஒரு பக்கமும் விடாததை ஒரு பக்கமும் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். விடாத பக்கம் இரண்டு கைப்பிடிகூட இல்லை. மாமா சுவரில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னடா இது?”

“பொதுச்சாலையில தானியம் வளத்திருக்கேக்கா. பதில் சொல்லணும்.”

“விதைக்கறப்ப அது வயல்டா.”

“இப்ப சாலை. முன்யோசனை இருந்திருக்கணும்.”

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. நோட்டீஸை மடித்து முறத்துக்கு அடியில் வைத்தாள். “சாப்பிட்டியா?” என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். “எதப் போட்டு ஆக்கறது?” என்றாள். அந்தக் கேள்வி எங்கள் ஆணையத்தின் வரம்புக்குள் வராததால் நோட்டீஸின் நகலில் தேதி போட்டுக்கொண்டேன்.

அவளே மறுபடி பேசினாள். “மிஷினுக்கு நீளம் பாத்தீங்க, அகலம் பாத்தீங்க, கோணம்கூடப் பாத்தீங்க. இவ்வளவு பெரிய முட்டாளுங்கள ரோட்டுல விடலாமா கூடாதான்னு பாக்க ஒரு சட்டமும் இல்லையாடா?”

முதல் நிலை அதிகாரி பொய் சொல்லக் கூடாது. அப்படி ஒரு சட்டம் இல்லை என்றேன். இருந்திருந்தால், அன்று எங்கள் ஜீப்புகள் அலுவலக வாசலையே தாண்டியிருக்காது; சாலையில் அந்த மிஷின் ஒன்றுதான் போயிருக்கும்.