செங்கோட்டைத் தேக்கு

ஒரு துண்டு மரம்கூட வாங்காமல் வீட்டுக்குப் புதுக்கதவு போட்டுவிடுவது என்று தேவசுந்தரம் தீர்மானித்தார்.

சங்கரன்கோவிலில் ஒரு மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் எடை போடுகிறவர் அவர். தராசு முள் மயிரிழை சாய்ந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். வீட்டு வாசல் கதவு ஒரு சாண் சாய்ந்து நின்றது மட்டும் ஆறு வருஷமாக அவர் கண்ணில் படவில்லை.

கதவைக் கரையான் தின்று முடித்திருந்தது. கீழ்ப்பக்கம் தொட்டால் பொடி உதிரும். பொழுது அடைந்ததும் அவர் மனைவி நேசமணி அம்மிக்கல்லை உருட்டிக்கொண்டு வந்து கதவுக்கு முட்டுக் கொடுப்பாள். விடிந்ததும் அரைப்பதற்கு அதைத் திரும்ப உருட்டிக்கொண்டு போவாள். கட்டிக்கொண்ட புருஷனைவிட அந்தக் கல் அவளுக்கு ஒத்தாசையாக இருந்தது.

அந்த வருஷம் மழை விட்ட சமயம், தெருக்கோடியில் கோமதித்தாய் வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்டான். அவள் காதில் தொங்கிய தங்கப் பாம்படத்தைக் கழற்ற அவனுக்குப் பொறுமை இல்லை. காதோடு அறுத்துக்கொண்டு போய்விட்டான். தெருவே கூடிப் போய்ப் பார்த்தது. கோமதித்தாய் காதைத் துணியால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழக்கூட இல்லை. "ஒரு எத்துத்தான் எத்தினான். கதவு விழுந்துட்டு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அன்றிலிருந்து நேசமணிக்குத் தூக்கம் போயிற்று. வத்தல் லோடு வரும் நாட்களில் தேவசுந்தரம் ராத்திரி கடையிலேயே தங்கிவிடுவார். மூத்தவள் சுந்தரபாய்க்குப் பதினேழு வயது. சின்னவளுக்குப் பதினான்கு. இரண்டு பிள்ளைகளையும் உள்ளறையில் படுக்கவைத்துவிட்டு, அருவாமனையை மடியில் வைத்துக்கொண்டு அம்மிக்கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள்.

"ஏங்க, அந்த அம்மா வீட்டுக் கதவு நம்ம கதவவிட நல்ல கதவு."

"அந்தம்மாகிட்ட பாம்படம் இருந்துச்சு. நம்மகிட்ட என்னட்டி இருக்கு?"

"ரெண்டு பொம்பளப் பிள்ள இருக்கு."

பதில் வராத இடத்தில் தேவசுந்தரம் விலைவாசியைப் பேசுவார்.

"காளிராஜ் ஆசாரிகிட்ட கேட்டாச்சு. நிலை, கதவு, கீல், தாழ்ப்பாள், மாட்டுத கூலி எல்லாம் சேத்து நானூத்தம்பது சொல்லுதான். வீட்டுக்குக் கதவு போடணுமா, இல்ல கதவுக்கு வீட்ட எழுதி வைக்கணுமா?"

"கடையில போனஸ் வந்துச்சுல்லா?"

"அது இருக்கட்டும்."

"எதுக்கு?"

"ஆபத்து அவசரத்துக்கு."

"அந்த ஆபத்து வரும்போது கதவத் தட்டிட்டு நிக்கும்னு நினைச்சிட்டு இருக்கீங்களாக்கும்!"

போனஸ் நானூறு ரூபாயையும் அவர் வத்தல் போட்டு வைத்திருந்த தகர டின்னின் அடியில் புதைத்து வைத்திருந்தார். திருடனுக்குத் தும்மல் வரும் என்பது அவர் கணக்கு.

நேசமணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பனவடலிசத்திரத்தில் தாய் வீட்டுக்குப் போன இரண்டு நாளில் தேவசுந்தரம் தன் திட்டத்தை முடித்தார். மரத்தூளில் வஜ்ஜிரப் பசையைக் குழைத்துக் கதவின் ஓட்டைகளை அடைத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். அதன்மேல் பச்சைப் பெயிண்ட் இரண்டு கை பூசினார். நான்கு அடி தள்ளி நின்று பார்த்தால் அசல் புதுக்கதவு. அதற்குக் கிட்டே அவரே போகவில்லை. மிச்சப் பெயிண்ட் டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

நேசமணி வந்து வாசலில் நின்றாள்.

"செங்கோட்டைத் தேக்கு. நானூறு ரூபா. போனஸ் பூராவும் போச்சு" என்றார்.

"தேக்குக்கு யாராவது பெயிண்ட் அடிப்பாங்களா? வார்னிஷுல்லா அடிப்பாங்க."

"தேக்குன்னு தெரிஞ்சா திருடன் கதவையே கழத்திட்டுப் போயிருவான்."

"பழைய கதவு எங்க?"

அவர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "வித்துட்டேன். இளையரசனேந்தல்காரர் ஒருத்தரு மாட்டுத் தொழுவத்துக்குன்னு வாங்கிட்டுப் போயிட்டாரு."

"எவ்வளவுக்கு?"

"பதினஞ்சு."

"அந்தப் பதினஞ்சத் தாங்க."

நேசமணி கையை நீட்டியபடியே நின்றாள். விற்காத கதவுக்குத் தேவசுந்தரம் தன் சட்டைப் பையிலிருந்து பதினைந்து ரூபாயை எடுத்துக் கொடுத்தார். அவள் அதைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டாள். "ஸ்தோத்திரம்" என்று சொல்லிக் கதவின் கீழ்ப்பக்கத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அன்று இரவும் அம்மிக்கல் கதவருகே வந்துவிட்டது.

"புதுக்கதவுக்கு எதுக்குட்டி கல்லு?"

"பழகிட்டு."

இதோடு விட்டிருந்தால் தப்பியிருப்பார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வேதக்கோயில் வாசலில் சகலை ஜஸ்டஸைப் பார்த்துவிட்டார். ஜஸ்டஸ் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். யாரைக் கண்டாலும் சிமெண்டு விலையில் தொடங்கி மொட்டைமாடியில்தான் நிறுத்துவார். தேவசுந்தரத்துக்குப் பொறுக்கவில்லை.

"நானும் கதவு போட்டுட்டேன்வே. செங்கோட்டைத் தேக்கு. யானை முட்டினாலும் அசையாது."

பத்துப் பேர் அதைக் கேட்டார்கள்.

அடுத்த வாரம் அறுப்பின் பண்டிகை. வீட்டில் விளைந்ததில், புதிதாக வந்ததில் முதலாவதைக் கோயிலில் கொண்டுபோய்ப் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் பந்தலில் வைத்து ஏலம் போடுவார்கள். தேவசுந்தரம் விடிவதற்கு முன்பே போய்ப் பந்தலில் வாழை கட்டிக்கொண்டிருந்தார். பூசணிக்காய், தேங்காய்க் குலை, கம்பு, சேவல் என்று சனங்கள் வரிசையாகக் கொண்டுவந்து வைத்தார்கள்.

பின்னால் ஒரு கைவண்டி வந்தது. அதில் பச்சையாக ஏதோ படுத்திருந்தது. ஒரு பக்கம் நேசமணியும் மறுபக்கம் சுந்தரபாயும் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

தேவசுந்தரத்தின் கையிலிருந்த கயிறு நழுவிற்று. ஓடிப்போய் மனைவியின் காதருகே குனிந்தார்.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணிட்ட?"

"புதுசா வந்த பொருளுல்லா? முதற்பலன் ஆண்டவருக்குத்தானே?"

"கதவ யாராவது காணிக்கை படைப்பாங்களா?"

"நம்ம வீட்டுல புதுசுன்னு வேற என்ன இருக்கு?"

"வண்டிக்கூலி?"

"அதான் பழைய கதவு வித்த பதினஞ்சு ரூபா இருந்துச்சே."

"அங்க வீடு தொறந்து கெடக்குமேட்டி!"

"நேத்து வரைக்கும் மட்டும் என்னவாம்?" என்று சொல்லிவிட்டு நேசமணி பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

ஏலம் கூறியது சபை உபதேசியார். சேவலையும் தேங்காயையும் முடித்துவிட்டுக் கதவுக்கு வந்தார். "தேவசுந்தரம் குடும்பத்தார் படைச்ச காணிக்கை. செங்கோட்டைத் தேக்கு. பாக்கெட்டைத் தொறந்து கேளுங்க!"

"நூறு" என்றார் ஜஸ்டஸ்.

தேவசுந்தரம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உமக்கு எதுக்குவே இது?"

"பின்வாசலுக்கு ஆகும். நீரு தானேவே யானை கீனைன்னு சொன்னீரு?" என்று சொல்லிக்கொண்டே ஜஸ்டஸ் எழுந்துபோய்க் கதவைத் தட்டிப் பார்க்கக் கையை ஓங்கினார்.

"காணிக்கையத் தட்டிப் பாப்பாங்களா? அடுக்குமாவே?" என்று தேவசுந்தரம் குறுக்கே பாய்ந்தார். சபையார் தலையாட்டினார்கள். ஜஸ்டஸ் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டார். ஆனால் விலையை விடவில்லை.

தேவசுந்தரம் கணக்குப் போட்டார். இந்தக் கதவு ஜஸ்டஸ் வீட்டுக்குப் போனால் சாயங்காலத்துக்குள் பொடியாக உதிர்ந்துவிடும். ஊருக்குச் சொன்ன பொய்யாவது ஊரோடு போகும். இது கோயிலில் படைத்த பொருள். காணிக்கையில் பொய் சொன்னவர்கள் நின்ற இடத்திலேயே விழுந்து செத்துப்போனார்கள் என்று சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளியில் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மார்பில் லேசாக வலிப்பதுபோல்கூட இருந்தது.

"நூத்திருபது" என்றார்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. படைத்தவரே திரும்பக் கேட்கிறார்! யாருக்கும் ஒரு டீகூட வாங்கிக் கொடுக்காத தேவசுந்தரம் கேட்கிறார் என்றால் அது சாமானியத் தேக்காக இருக்காது என்று பின்வரிசையில் புதிதாக இரண்டு பேர் கேட்க ஆரம்பித்தார்கள். நூற்றைம்பது. இருநூறு. ஒவ்வொரு தடவையும் தேவசுந்தரம் பெண்கள் பக்கம் பார்த்தார். நேசமணி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடி இருந்தாள்.

"முந்நூறு" என்றார் ஜஸ்டஸ்.

"முந்நூத்திப்பத்து" என்றார் தேவசுந்தரம். குரல் அழுவதுபோல் வந்தது.

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" உபதேசியார் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கைவசம் இருக்கா? கிறிஸ்துமஸுக்குத் தாரீங்களா?"

தேவசுந்தரம் வாயைத் திறப்பதற்குள் சுந்தரபாய் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். "அப்பா, வீடு தொறந்து கெடக்குன்னு அம்மா இதக் கையோட எடுத்துட்டு வந்துட்டாங்க."

வத்தல் நெடி அடித்தது. உபதேசியார் முந்நூற்றுப் பத்தை எண்ணி முடிப்பதற்குள் நான்கு தடவை தும்மினார். கதவுக்குக் கொடுத்துத் தீர்ந்துபோன போனஸ், இதோ கதவுக்கு வந்திருந்தது. தேவசுந்தரம் நிமிர்ந்து பெண்கள் பக்கம் பார்த்தார். நேசமணி இப்போது கண்ணைத் திறந்திருந்தாள்.

அதே கைவண்டியில் கதவு வீடு திரும்பியது. மறுபடி மாட்டுவதற்குக் கீலில் ஆணியை முடுக்கியபோது அப்பம்போல் இரண்டாகப் பிட்டுக்கொண்டு விழுந்தது. உள்ளே மரமே இல்லை. மண்தான் இருந்தது.

"தெரிஞ்சுமாட்டி ஏலத்துல விட்ட?"

"‘இது பழசு’ன்னு ஒரு வார்த்தை சொல்லிருவீங்கன்னு பாத்தேன். நூறு ரூபாயிலயும் பாத்தேன். இருநூறு ரூபாயிலயும் பாத்தேன்."

"ராத்திரிக்கு என்ன செய்ய?"

"கதவு இருந்த இடத்துல நீங்க படுங்க" என்று சொல்லி அருவாமனையை அவரிடம் கொடுத்துவிட்டு நேசமணி பிள்ளைகளோடு உள்ளே போய்ப் படுத்தாள்.

தேவசுந்தரம் வாசற்படியில் படுத்தார். தெருவில் நாய் நடந்தாலும் அவர் கை தானாகக் காதுக்குப் போயிற்று. உள்ளே பிள்ளைகள் மூச்சுவிடுகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. எத்தவேண்டிய சிரமம்கூட இல்லை, எவனும் அவரைத் தாண்டிப் போய்விடலாம். இப்படித்தான் இவள் இத்தனை ராத்திரியும் உட்கார்ந்திருந்திருக்கிறாள் என்று நினைத்தபோது எழுந்து உட்கார்ந்து அருவாமனையை மடியில் வைத்துக்கொண்டார். நேசமணியோ குறட்டை விட்டுத் தூங்கினாள். அவளுக்குக் குறட்டை வரும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும்.

விடிந்ததும் காளிராஜ் ஆசாரியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, ஐநூறு ஆகும்."

"நானூத்தம்பதுன்னுல்லா சொன்ன?"

"அது எடை போடுத தேவசுந்தரத்துக்கு. முந்நூத்துப் பத்துக்குக் காணிக்கைக் கதவு எடுத்த பெரிய மனுசருக்கு நான் குறைச்சுச் சொன்னா ஊரு என்னைச் சும்மா விடுமா? ரூபாய மெதுவா குடுங்க, உங்கள எனக்குத் தெரியாதா?"

தேவசுந்தரம் முதலாளியிடம் எத்தனை மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கேட்கவேண்டியிருக்கும் என்று மனதுக்குள் எடை போட்டார். தலையாட்டினார். ஆசாரி முழக்கோலை எடுத்து முன்வாசல் நிலையை அளந்து முடித்தான்.

"இந்த ஒண்ணுதான, அண்ணாச்சி?"

"ஒண்ணே ஒண்ணுதான். பின்வாசல் கதவு இன்னும் பத்து வருஷம் தாங்கும்."

அப்போது நேசமணி உள்ளேயிருந்து வந்தாள். அவள் கையில் கட்டிலுக்கு அடியில் கிடந்த பெயிண்ட் டப்பா இருந்தது.

"ஏங்க, இதுல இன்னும் பாதி மிச்சம் இருக்கு. அடுத்த வருசப் பண்டிகைக்குப் பின்வாசல் கதவுக்கு அடிச்சிருவமா?"

தேவசுந்தரம் டப்பாவைப் பார்த்தார். ஆசாரியைப் பார்த்தார்.

"ஏ காளிராஜ், அந்தப் பின்வாசலையும் அளந்துக்கோப்பா."