பேச்சியம்மாள், ஏழாம் மாதம்

பெண்புத்தி பின்புத்தி என்று சொல்லி வைத்தவன் என்னைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் திருத்திச் சொல்லியிருப்பான். கம்பெனியிலிருந்து வரும் மின்னஞ்சலில் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு, 'ஆச்சு, வேலை முடிஞ்சுது' என்று போனைச் சட்டைப் பையில் போடுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். அதனால் எனக்கு வந்த கேவலத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆனால் மருத்துவக் காப்பீடு உண்டு, பிரசவத்துக்கும் சேர்த்து. கல்யாணமான புதிதில் எங்கள் ஊர் முக்கூடலில் இதை நான் சொல்லாத ஆள் பாக்கியில்லை. "பிரசவச் செலவா? நமக்கென்ன, கார்டைத் தேச்சாப் போதும்." (தேய்க்கிறதுக்குக் கார்டே கிடையாது. போனில் இருக்கிற ஒரு படம், அவ்வளவுதான்.)

என் மனைவி பிரியாவுக்கு ஏழாம் மாதம் பிறந்ததும், அதுவரை பார்த்துவந்த உள்ளூர் டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நஞ்சுக்கொடி கீழ இறங்கிக் கெடக்கு. திடீர்னு ரத்தம் போச்சுன்னா இங்கன வச்சுப் பாக்க முடியாது. ஆபரேஷன் வசதி உள்ள பெரிய இடமாப் பாத்து இந்த வாரத்துலயே பதிஞ்சிருங்க."

ஆட்டோவில் ஏறியதும் பிரியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தான், புள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?" என்றாள். "நீ ஏன் பயப்படுத, கார்டு இருக்குல்லா" என்றேன். அவள் பிள்ளையைப் பற்றிக் கேட்கிறாள், நான் கார்டைப் பற்றிச் சொல்கிறேன். அப்படி ஒரு அறிவாளி.

அன்றைக்கே காப்பீட்டுச் செயலியைத் திறந்து திருநெல்வேலி, மகப்பேறு என்று போட்டுத் தேடினேன். ஒன்பது ஆஸ்பத்திரிகள் வந்தன. ஒன்பதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். போன் போட ஆரம்பித்த பிறகு அந்த மலைப்பு இல்லை. முதலாவது பல் ஆஸ்பத்திரி. இரண்டாவதை மூடி வருசம் ரெண்டாகிவிட்டதாம், எடுத்தவர் ஜவுளிக் குடோன்காரர். "நல்ல சேலை இருக்கு, வாங்க" என்றார். இன்னும் ஐந்து இடங்களில் கார்டு எடுப்பார்கள், பிரசவத்துக்கு மட்டும் எடுக்க மாட்டார்கள். ஒரு இடத்தில் கார்டும் உண்டு, பிரசவமும் உண்டு, டாக்டரம்மாதான் இல்லை.

"அவங்க துபாய் போயிருக்காங்க சார். மூணு மாசம் ஆகும்."

"என்ன விசயமா?"

"அவங்க மகளுக்குப் பிரசவம்."

நான்காவது நாள் பாளையங்கோட்டையில் கடைசி ஆஸ்பத்திரி ஒன்று, "எடுப்போம் சார், நம்பரைச் சொல்லுங்க" என்றது. கார்டு நம்பரைச் சொன்னேன். "பேச்சியம்மாளா? பதிஞ்சாச்சு. காலைல ஒம்போது மணிக்குக் கூட்டிட்டு வந்துருங்க." எனக்கு அந்தப் பெண் குரலைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

பேச்சியம்மாள் யார் என்று நீங்கள் கேட்பீர்கள். பிரியாவின் சான்றிதழ்ப் பெயர் அது. என் அம்மாவின் பெயரும் அதுதான். பிரியா என் அம்மாவின் தம்பி மகள். ஆழ்வார்குறிச்சியில் அவர்கள் வீட்டில் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பெண்ணுக்குக் குலசாமி பெயரை வைத்துவிடுவார்கள். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கே சிக்கல் வந்துவிட்டது. மாமியார் பெயரைச் சொல்லி 'ஏட்டி' போட்டு மருமகளை யார் கூப்பிடுவது? அதனால் அவள் பிரியா ஆனாள். அம்மாவையோ ஊரே அக்கா என்றும் மைனி என்றும்தான் கூப்பிடும். ஒரே வீட்டில் இரண்டு பேச்சியம்மாள் இருந்தும் அந்தப் பெயர் யார் வாயிலும் வராது. அம்மாவின் பெயரும் அதுதான் என்பது எனக்கே மறந்துபோயிருந்தது.

மறுநாள் வாடகைக் காரில் கிளம்பினோம். அம்மாவை வர வேண்டாம் என்றுதான் சொன்னேன். "நீ ஆம்பள, உள்ள விடமாட்டாவ. பிள்ள தனியா இருந்து முழிக்கவா?" என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் அவள் சொன்னபடியே, பரிசோதனை அறைக் கதவில் ஆண்களுக்கு அனுமதி இல்லை என்று பெரிதாக எழுதியிருந்தது. பிரியாவின் கையில் ஒரு சிறிய டப்பாவைக் கொடுத்துச் சிறுநீர் எடுத்துவரச் சொன்னார்கள். அவள் கழிப்பறை வரிசைக்குப் போனாள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். என்னை இன்சூரன்ஸ் கவுண்டருக்குக் கூப்பிட்டார்கள்.

கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"பேஷன்ட் பேரு பேச்சியம்மாளா சார்?"

"ஆமா."

"என்னத்துக்கு வந்திருக்காங்க?"

"பிரசவத்துக்குப் பதியணும். ஏழாம் மாசம்."

"வயசு ஐம்பத்தெட்டுன்னு இருக்கு."

"தப்பா அடிச்சிருப்பாவ. இருபத்தாறு."

"உறவுங்கிற எடத்துல அம்மான்னு போட்டிருக்கு சார்."

நான் வெட்கத்தோடு சிரித்தேன். "ஆமா, அம்மா ஆகப் போறாள்லா."

அந்தப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள். "சார், ஒங்க அம்மா. ஒங்களப் பெத்த அம்மா. இந்தக் கார்டுல அவங்களுக்குத்தான் பிரசவம் பாக்க முடியும்."

சுற்றி நின்றவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். போனை எடுத்து, ஒன்றரை வருடத்துக்கு முந்தைய மின்னஞ்சலைத் தேடினேன். மனைவி பேச்சியம்மாளைச் சேர்க்க வேண்டும் என்று நான் எழுதியதற்குச் சென்னை அலுவலகம் அனுப்பிய பதில் அது. முதல் வரி: 'பேச்சியம்மாள் என்ற பெயர் ஏற்கெனவே பதிவில் உள்ளது.' (அடடா, கேக்கதுக்கு முன்னாலயே சேத்துட்டானுவளேன்னு நான் அன்னைக்கு எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தேன்.) வேலையில் சேர்ந்தபோது அம்மாவைக் காப்பீட்டில் சேர்த்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டாவது வரியை அந்தக் கவுண்டர் முன்னால்தான் முதன்முதலாகப் படித்தேன்: 'இவர் வேறு நபர் எனில், வயதுச் சான்றுடன் ஏழு நாட்களுக்குள் பதில் அனுப்பவும்.'

"எங்க அம்மா வேற, பொண்டாட்டி வேற. அம்மா அங்கன ஒக்காந்திருக்காவ, நீங்களே கேளுங்க" என்று கையைக் காட்டினேன். நாற்காலியில் அம்மாவின் மஞ்சப்பை மட்டும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து பிரியா டப்பாவோடு வந்தாள். "அத்தான், அத்தைய எங்க?"

பக்கத்து நாற்காலி அம்மாள்தான் பதில் சொன்னாள். "பேச்சியம்மாள்னு கூப்பிட்டாவ. அவுக எந்திரிச்சு உள்ள போயிட்டாவ."

உள்ளே நடந்ததை அம்மாவே பிற்பாடு ஊர் முழுக்கச் சொன்னாள். நர்ஸ் குனிந்த தலை நிமிராமல் எடை பார்த்தாளாம், கையில் பட்டையைச் சுற்றினாளாம். "எத்தனாவது பிரசவம்?" என்று கேட்டாளாம். "மூணு. நடுவுல உள்ளது தங்கல" என்றாளாம் அம்மா. "கடைசியா எப்ப தூரமானீங்க?" "அது ஆச்சு தாயி, பத்து வருசம்." அப்போதுதான் அந்த நர்ஸ் நிமிர்ந்திருக்கிறாள்.

கதவு திறந்தது. டாக்டர் வெளியே வந்தார். "பேச்சியம்மாள் கூட வந்தது யாரு?"

"நான்தான் டாக்டர், ஒரு சின்னத் தப்பு நடந்து போச்சு..."

"பிரஷர் இருநூத்திப் பத்து இருக்கு. இப்பிடியே விட்டிருந்தா பக்கவாதம் வந்திருக்கும். வீட்டுல என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"எந்தப் பேச்சியம்மாளுக்கு டாக்டர்?" என்றேன்.

"எத்தன பேச்சியம்மாளக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்றார் அவர்.

அனுமதி இல்லை என்ற கதவைத் தாண்டி நான் உள்ளே போனேன். யாரும் தடுக்கவில்லை. பிரசவத்துக்கு வந்தவர்களைப் படுக்க வைக்கிற உயரமான கட்டிலில் அம்மா கால் நீட்டிப் படுத்திருந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஏம்மா, ஒடம்புக்கு முடியலன்னு சொல்லக் கூடாதா?"

"ஒரு மாசமாத் தல கிறுகிறுன்னு வருதுல. பிள்ள இப்பிடி இருக்கையில எனக்கும் சேத்து எங்கன அலைவன்னு விட்டுட்டேன்." பிறகு பைய என் கையைத் தட்டினாள். "எம் பேரக் கூப்பிட்டதும் திக்குன்னு ஆயிட்டுது. பரவால்ல, எம் மவன் எனக்கும் சேத்து எழுதிக் குடுத்திருக்கானேன்னு நெனச்சேன்."

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆமாம்மா" என்றேன். வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், சொல்லும்போதே அழுதது அந்த ஒன்றுக்குத்தான்.

அந்தக் கார்டு அம்மாவுக்கு அருமையாக வேலை செய்தது. அதே ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் ஐந்து நாள் இருந்தாள். ஒரு பைசா கேட்கவில்லை. சென்னை அலுவலகமோ, மனைவியை அடுத்த வருடம்தான் சேர்க்க முடியும் என்று சொல்லிவிட்டது. அன்றைக்கே பிரியாவையும் சோதித்துப் பார்த்த அந்த ஆஸ்பத்திரி டாக்டரே, "ரத்தம், குழந்தை வார்டு எல்லாம் அரசு ஆஸ்பத்திரில இருக்கு. கௌரவம் பாக்காம அங்க பதியுங்க" என்றார். பதிந்தேன். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம் என்று சொன்ன நர்ஸின் காலில் விழப் போனேன்.

என் பொய் மூன்று நாள்தான் தாங்கியது. பிரியா சிரிப்பை அடக்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அம்மா கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் மாத்திரையை விழுங்கிவிட்டு, வருகிற போகிறவர்களிடமெல்லாம், "எம் மவன் என்னயப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போனாம்லா" என்று ஆரம்பித்துவிட்டாள். இன்றைக்கும் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால், எதிர் வரிசையிலிருந்து யாராவது, "ஏலே, ஒங்கம்மைக்கு எத்தனாவது மாசம்?" என்று கேட்காமல் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

எங்கள் பக்கம் தலைச்சன் பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயரைத்தான் வைக்க வேண்டும். பெயர் வைக்கிற அன்று சொந்தக்காரர்கள் எல்லோரும் பேச்சியம்மாள் என்று சொல்லிக் குழந்தையின் காதருகே குனிந்தபோது, அம்மாதான் பாய்ந்து வந்து தடுத்தாள்.

"வேற பேரு வைங்க. எம் பேர வச்சா, நாளைக்கு இந்தப் பிள்ள பிரசவத்துக்கும் இவன் என்னயத்தான் கொண்டுபோயிப் படுக்கப் போடுவான்."