கொண்டேசாவின் தோடு

"தோடு எங்க?" என்று கேட்டார் மாட்டு இன்ஸ்பெக்டர். பசு கொண்டேசாவின் இடது காதைத் தூக்கிப் பார்த்தவர், திருப்தியில்லாமல் வலது காதையும் தூக்கிப் பார்த்தார். இரண்டிலும் ஒன்றுமில்லை.

பெனிக்னோ தூறலில் நனைந்துகொண்டே முள்வேலியைக் காட்டினார். "அங்க மாட்டிப் பிஞ்சுபோச்சுங்க. மூணு நாளாத் தேடுறேன். அவளே தின்னிருப்பாளோன்னு சந்தேகம்."

"பார்கோடு இல்லாத மாடு எங்கேருந்து வந்ததுன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். இதோ இந்தக் கொட்டகையில பொறந்தா. என் பொண்டாட்டிதான் கன்னுக்குட்டியைக் கையை விட்டு இழுத்துப் போட்டா."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன பண்றது? மெஷினுக்குத் தெரியணும். வெள்ளிக்கிழமை மத்தியானம் வருவேன். காதுல தோடு இல்லைன்னா லாரியில ஏத்திருவேன். அதுக்கப்புறம் வெட்டுதான்."

அன்று செவ்வாய்க்கிழமை. எந்திரே ரியோஸ் மாகாணத்தில் ஜூலை மாதம் என்பதே அழுமூஞ்சி மாதம். அதில் இந்தச் செய்தி வேறு.

பெனிக்னோவுக்கு எழுபத்தொரு வயது. மனைவி தொரிலா பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தாள். அவள் விட்டுப் போனவை ஒரு கம்பளிச் சால்வை, ஓர் அடையாள அட்டை, அப்புறம் கொண்டேசா. 'சீமாட்டி' என்று அர்த்தம் வரும் அந்தப் பெயரை வைத்ததும் தொரிலாதான். பசுவும் பெயருக்கேற்ற திமிரோடு வளர்ந்தது. தன் அட்டையையும் அவள் அட்டையையும் ஒரே ரப்பர் பேண்டில் சேர்த்துப் போட்டு பெனிக்னோ சட்டைப்பையில் வைத்திருந்தார். ஈமக்காரியக் கம்பெனியில் அட்டை கேட்டபோது கட்டாக நீட்டினார். கட்டாகவே திரும்ப வாங்கினார். அதற்கப்புறம் பிரிக்க மனசு வரவில்லை.

அவள் போனதிலிருந்து அவரை எந்த மெஷினும் மதிப்பதில்லை. மருந்துக்கடையில் ரத்த அழுத்த மாத்திரை டப்பாவில் இருந்த புள்ளிச் சதுரக் குறியீடு ஸ்கேனரில் உடனே 'டிக்' என்றது. அவர் அட்டையைக் காட்டினால் மட்டும் சிவப்பு விளக்கு. "அட்டை தேஞ்சிருக்கும் ஐயா, அடுத்த வாரம் வாங்க" என்றான் கடைக்காரன். அடுத்த வாரமும் அதேதான். பேருந்திலும் அட்டை சிவப்புக் காட்ட, கண்டக்டர் கீழே இறக்கிவிட்டார். இத்தனைக்கும் நடுவில் தொரிலாவுக்குக் காய்ச்சல் ஊசி போட வரச் சொல்லி அரசாங்கத்திலிருந்து கடிதம் வருகிறது! அதைப் படித்த அன்று பெனிக்னோ கொட்டகையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். கொண்டேசா அசை போட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தது. இனி அதுவும் இல்லையென்றால் அழுவதற்குக்கூடத் துணை கிடையாது.

அடுத்த பண்ணைக்காரர் தெல்ஃபோர் அவருடைய சிநேகிதர். ஒரு கஷ்டம் என்றால் முதல் ஆளாக ஓடிவந்து அதை இரண்டாக்கிவிட்டுப் போவார்.

"இதுக்குப் போயா தலையில கைய வச்சிட்டு உக்காந்திருக்க? கோடுதானே வேணும்? கோடெல்லாம் ஒண்ணுதான்யா. மெஷின் 'டிக்'னு கத்துனாப் போதும்."

தெல்ஃபோர் மஞ்சள் ஷாம்பு பாட்டிலை வட்டமாக வெட்டினார். தேநீர் போலக் குடிக்கும் மாத்தே இலைப் பொட்டலத்திலிருந்து பார்கோட்டைக் கிழித்து அதன்மேல் ஒட்டினார். கம்பியால் பசுவின் காதில் கட்டியதும், பரீட்சை பார்க்க இருவருமாக அதை மளிகைக்கடை வாசலுக்கு ஓட்டிப்போனார்கள்.

கடைக்காரி எர்மெலிந்தா ஸ்கேனரை நீட்டினாள். 'டிக்.'

"பாத்தியா!" என்றார் தெல்ஃபோர்.

"மாத்தே இலை, காம்பு நீக்கினது, அரைக் கிலோ" என்று திரையைப் படித்தாள் எர்மெலிந்தா. பசுவைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தாள். "பை வேணுமா?"

பெனிக்னோ பசுவை இழுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்.

"சரி, மளிகைக் கோடு வேற, மாட்டுக் கோடு வேற. ஒத்துக்கறேன்" என்றார் தெல்ஃபோர். "எங்கிட்ட அசல் மாட்டுக் கோடே இருக்கு." தன் சாவிக்கொத்தைக் கழற்றினார். அதில் வளையமாகத் தொங்கியது போன வருஷம் அவர் விற்ற ஒரு காளையின் தோடு.

இடுக்கியால் அதைக் காதில் அழுத்தியபோது கொண்டேசா ஓர் உதை விட்டது. தெல்ஃபோர் சாணிக் குவியலில் போய் உட்கார்ந்தார். ஐந்து மாதத்தில் பெனிக்னோ சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வியாழக்கிழமை கூட்டுறவுச் சங்கத்து மாட்டு டாக்டர் செல்போனைத் தோட்டுக்கு நேராகப் பிடித்தார். அவர் முகம் மாறியது.

"இது காளை, பெனிக்னோ."

"டாக்டர், கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."

"நான் பாத்துட்டேன். கம்ப்யூட்டர் குனியாது. அந்தக் கணக்குப்படி இது நாலு வயசுக் காளை. போன மார்ச்சுல வெட்டி, பெட்டி போட்டு, கப்பல்ல ஏத்தியாச்சு. இந்நேரம் எவனோ தின்னு ஏப்பமும் விட்டிருப்பான்."

"அப்ப கழட்டிடறேன்."

"கழட்டுங்க. ஆனா நான் தட்டினது பதிவாயிருச்சே! செத்த மாட்டோட தோட்டை உசுரோட இருக்கற மாட்டுக்குப் போடறது மாட்டுத் திருடனுங்க பண்ற வேலை. நேத்து வரைக்கும் உங்க பசுவுக்கு அடையாளம் இல்ல, அவ்வளவுதான். இன்னிக்கு அது திருட்டு மாடு. நாளைக்குக் காலையில நேரா மாவட்ட ஆபீஸுக்கு ஓடுங்க. மாத்துத் தோடு அங்கதான் தருவாங்க. வேற வழியில்ல."

அன்று மாலை பெனிக்னோ சால்வையை எடுத்துப் பசுவின் முதுகில் போர்த்தினார். "உன்னக் காப்பாத்த எனக்குத் துப்பில்லடி" என்று அதனிடமே சொன்னார்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு அவர்தான் கவுண்ட்டரில் முதல் ஆள். ஆனாலும் இரண்டு படிவங்களைத் தப்பாக நிரப்பி, மூன்றாவதைச் சரியாக நிரப்புவதற்குள் மணி பதினொன்று ஆகிவிட்டது. குமாஸ்தா கிரிசெல்தா கையை நீட்டினாள்.

"அட்டை?"

ரப்பர் பேண்டுக்குள் மேலே இருந்த தன் அட்டையை உருவிக் கொடுத்தார். சிவப்பு விளக்கு. துடைத்துக் கொடுத்தார். சிவப்பு.

"தேஞ்சு போச்சும்மா. அந்தப் பசுவோட நம்பர அடிங்களேன். ஒன்பது இலக்கம். மனப்பாடமாத் தெரியும்."

"மாட்டுத் தோட்டுல இருக்கறது வெறும் நம்பருங்க. உங்க அட்டையில அடுக்கடுக்கா நெய்த மாதிரி கோடு இருக்கு பாருங்க, அதுக்குள்ள உங்க ஜாதகமே இருக்கு. அது பச்சை காட்டினாத்தான் தோடு அடிக்க முடியும்." அவள் அவர் கையிலிருந்த இன்னொரு அட்டையைப் பார்த்தாள். "அது யாரோடது?"

"என் சம்சாரத்தோடது. பசுவே அவ பேருலதான் இருக்கு. ஆனா அவ..."

கிரிசெல்தா அதற்குள் அட்டையை வாங்கி மெஷினில் வைத்துவிட்டாள். 'டிக்.' பச்சை!

அவள் இறந்துவிட்டாள் என்று சொல்ல பெனிக்னோ வாயைத் திறந்தார். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது. இன்ஸ்பெக்டரின் லாரி இந்நேரம் கிளம்பியிருக்கும். வாயை மூடிக்கொண்டார். பொய் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொல்லவில்லை என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

உள்ளே மெஷின் கடகடத்தது. புத்தம் புதிய மஞ்சள் தோடு வந்து விழுந்தது. அசல் கோடு, அசல் நம்பர். பழைய காளை விவகாரத்தை இந்தப் பதிவு அடித்துவிடும் என்றாள் கிரிசெல்தா. பெனிக்னோ தோட்டை இரண்டு கைகளாலும் வாங்கினார். கண்ணில் நீர் முட்டியது. செத்தும் அவள்தான் காப்பாற்றினாள்.

அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஐந்து மாத மனக்குறை விடவில்லை.

"அம்மா, அவ அட்டைக்கு எல்லாம் தொறக்குது. ஊசி போட வான்னு லெட்டர்கூட வருது. எனக்கு மட்டும் ஏம்மா மாத்திரை இல்ல, பஸ் இல்ல, ஒண்ணுமே இல்ல? நான் என்ன பாவம் பண்ணேன்?"

கிரிசெல்தாவுக்குப் பாவமாக இருந்தது. மூலையில் பிறைவடிவ ரொட்டி தின்றுகொண்டிருந்த கம்ப்யூட்டர்காரரிடம் பெனிக்னோவின் அட்டையை நீட்டினாள். காலையிலிருந்து வாயே திறக்காத அந்த மனிதர் நம்பரைத் தட்டினார். திரையைப் பார்த்தார், பெனிக்னோவைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். சட்டையில் கிடந்த ரொட்டித் தூளை மெதுவாகத் தட்டிவிட்டார்.

"அட்டையில ஒரு கோளாறும் இல்லீங்க பெரியவரே" என்றார். "தொரிலா அம்மா நல்லா இருக்காங்க, பிப்ரவரி மாசம் ஒன்பதாம் தேதி ஈமக்காரியக் கம்பெனிக்காரங்க உங்க அட்டையைத்தான் தேச்சிருக்காங்க, செத்துப்போனது நீங்கதான்."