ஒரு காயலின் அடிப்படை நிலை

கடலைக் கடவுள் படைத்தார் என்பவர்கள் உண்டு. அது தானாக உண்டானது என்பவர்களும் உண்டு. எப்படி உண்டாகியிருந்தாலும், ஒன்பது இணைப்புகளோடு மூன்று பிரதிகளில் விண்ணப்பிக்காமல் உண்டாகிவிட்டது என்பதுதான் அதிலுள்ள ஒரே குறை. அந்தக் குறையைத் தீர்ப்பதற்கென்றே பிறவி எடுத்தவர் படிவத்தார்.

படிவத்தார் என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல, தெரு வைத்த பெயர். 'கடலோர நீர்நிலை மீட்பு மன்றம்' என்ற அமைப்பில் அவர்தான் செயலாளர், எழுத்தர், கோப்புக் காவலர் எல்லாம். மன்றத்தின் அலுவலகம் நகலெடுக்கும் கடை ஒன்றின் மாடியில் இருந்தது. மருத்துவமனை வாசலில் மருந்துக்கடை இருப்பதைப் போன்ற ஏற்பாடு இது. மாடி ஜன்னலைத் திறந்தால் எதிரே காயல் தெரியும். நாற்றம் வரும் என்பதால் யாரும் திறப்பதில்லை. காயலைப் பார்க்க வேண்டியிருந்தால் சுவரில் மாட்டிய வரைபடத்தில் பார்த்துக்கொள்வார்கள்.

காயலுக்கு வந்த கேடு சிறியது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அடித்த ஒரு புயல், கடலும் காயலும் சேரும் வாயில் மணலைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போயிற்று. நாற்பது காலடி நீளம், இடுப்பளவு உயரம், அவ்வளவுதான் மேடு. ஆனால் கடல்நீர் உள்ளே வர வழியில்லாமல் போனது. உள்ளே கிடந்த நீர் பச்சையாகி, பிறகு கறுப்பாகி, மீனும் மட்டிச் சிப்பியும் செத்தன. மட்டி பொறுக்கிப் பிழைத்த முப்பது பெண்கள் கிடைத்த வேலைக்குப் போனார்கள்.

அவர்களில் ஒருத்தி படிவத்தாரின் கூடப்பிறந்த அக்கா. அவள் பொறுக்கிய மட்டிதான் அவரைப் படிக்கவைத்தது. இப்போது ஒரு தங்கும் விடுதியில் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். சோப்புத்தூள் அரித்து விரல் இடுக்குகளில் தோல் உரிந்திருந்தது. மாதம் தவறாமல் மாடியேறி வந்து ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"எப்படா தம்பி தோண்டுவீங்க?"

"தோண்டுறதா? அந்த வார்த்தையே விண்ணப்பத்துல கிடையாது அக்கா. 'நீரியல் தொடர்பை மீள்நிறுவுதல்'னு போட்டிருக்கேன்."

"சரி, அது எப்ப?"

"போயிட்டிருக்கு."

எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று அவள் கேட்டதில்லை. தம்பியின் படிப்பின் மேல் அவளுக்கு நம்பிக்கை இருந்தது.

மேட்டை அகற்றப் பணம் கேட்டு, நீர்நிலைகளுக்கு உதவும் நிதியம் ஒன்றுக்கு மூன்று ஆண்டுகளில் மூன்று விண்ணப்பங்கள் போயின. முதலாவது உண்மையை மட்டும் சொன்னதால் திரும்பி வந்தது. 'மணல் மேடு அடைத்திருக்கிறது, வெட்டிவிட வேண்டும்' என்று இரண்டே வரி எழுதியிருந்தார். பிரச்சினை போதிய அளவு சிக்கலாக இல்லை என்று நிதியம் மிகுந்த பண்போடு பதில் அனுப்பியது. இரண்டாவதில் படிவத்தார் பாடுபட்டு எழுபது பக்கத்துக்குச் சிக்கலாக்கினார். ஆனால் செத்த மீன்களின் புகைப்படம் மங்கலாக இருந்தது. ஓரத்தில் நின்ற மீனவர் வேறு சிரித்துத் தொலைத்திருந்தார். ஆகவே மூன்றாவதற்கு ஓர் ஆலோசகரையே அமர்த்தினார்கள். அவர் விமானத்தில் வந்து விமானத்தில் போனார். காயலைப் பார்க்கவில்லை. பார்த்தால் பாரபட்சம் வந்துவிடும் என்பது அவருடைய கொள்கை. அவருடைய கைவண்ணத்தில் 'தாங்குதிறன்' நாற்பத்தோரு இடங்களில் ஏறியது. நண்டுகளும் 'பங்குதாரர்களே' என்று ஓர் அடிக்குறிப்பு சொன்னது. மட்டி பொறுக்கும் பெண்கள் இணைப்பு ஏழில் வந்தார்கள்.

மூன்றாவது பலித்தது. விண்ணப்பம் பரிசீலனைக்குத் தேர்வாகியிருப்பதாகவும், வரும் வெள்ளிக்கிழமை ஒரு பெண் அதிகாரி காயலை நேரில் பார்வையிடுவார் என்றும் ஒரு திங்கட்கிழமை காலையில் கடிதம் வந்தது. படிவத்தார் அதை நின்றபடியே படித்தார். உட்கார்ந்து படிக்கக்கூடிய கடிதமல்ல அது. கடைசிப் பத்தியில் ஒரு நிபந்தனை இருந்தது. காயல் விண்ணப்பத்தில் சொன்ன 'அடிப்படை நிலை'யில், அதாவது எந்த அளவுக்குக் கெட்டிருப்பதாக எழுதினார்களோ அந்த அளவுக்குக் கெட்டு, இருக்க வேண்டும். இல்லையென்றால் விண்ணப்பம் பொய் எனக் கொள்ளப்பட்டு, மன்றம் இனி எதற்கும் விண்ணப்பிக்க முடியாதபடி தடைப் பட்டியலில் சேர்க்கப்படும்.

கடிதத்தை மடிப்பதற்குள் அக்கா மாடியேறி வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. முழங்கால்வரை சேறு. வாளியை நேராகக் கோப்பின் மேலேயே வைத்தாள்.

"தண்ணி வந்துடுச்சுடா."

"எங்க?"

"காயல்லதான். பௌர்ணமிக்குக் கடல் ஏறி மேட்டைக் கொஞ்சம் அரிச்சு விட்டிருந்துச்சு. இதைவிட்டா நேரம் கிடைக்காதுன்னு பதினோரு பேர் மண்வெட்டியோட இறங்கிட்டோம். ரெண்டு நாள் காலைல வெட்டினோம். வாய் திறந்துடுச்சு. ஆச்சு, பத்து நாளாகுது. உனக்குத் தெரியாதா?"

படிவத்தார் மூன்று ஆண்டுகளில் முதல் முறையாக ஜன்னலைத் திறந்தார். நாற்றம் இல்லை. காயல் பளபளவென்று, வரைபடத்தில் இருப்பதைப் போலவே நீலமாகக் கிடந்தது. திரும்பி வாளிக்குள் எட்டிப் பார்த்தார். விரல் நீள மீன்குஞ்சுகள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டிருந்தன.

"மழைக்கு முன்னாடி மட்டியும் பிடிச்சுடும். மாசக் கடைசியோட துவைக்கிற வேலையை விட்டுடப் போறேன்" என்றாள் அக்கா.

அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்து நெடுநாளாகியிருந்தது. ஒரு நிமிடம் அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை மறைக்கக் கூடாது. சிறந்த நிர்வாகிகளுக்கும் இத்தகைய பலவீனமான நிமிடங்கள் வருவதுண்டு. பிறகு கடமையுணர்ச்சி விழித்துக்கொண்டு அவருக்கு வேர்க்க ஆரம்பித்தது.

அன்று பிற்பகலே அவசரக் கூட்டம் கூடியது. மன்றத் தலைவர் கடிதத்தை ஒரு கையிலும் கைக்குட்டையை மறு கையிலும் வைத்துக்கொண்டு பேசினார்.

"யாரைக் கேட்டுக் காயல் சரியாச்சு?"

"யாரையும் கேட்கலை தலைவரே. எங்க அக்காவும் இன்னும் பத்துப் பேரும்..."

"பதினோரு பேர் ரெண்டு நாள்ல சரி பண்ணிட்டா, நாம மூணு வருஷமா என்ன பண்ணிட்டிருந்தோம்?"

இந்தக் கேள்வி கூட்டக் குறிப்பேட்டில் பதிவாகவில்லை. ஆலோசகரைத் தொலைபேசியில் பிடித்தார்கள். அவர் கொஞ்சமும் பதறவில்லை.

"அங்க நடந்தது மீட்பே இல்லை. முன் ஆய்வு இருக்கா? இல்லை. அளவுகோல் ஏதாவது வச்சீங்களா? இல்லை. அப்ப அது வெறும் தண்ணி."

"மீன் வந்திருக்குங்களே" என்றார் படிவத்தார்.

"ஆதாரமில்லாத மீன்."

"அந்த மேடம் வந்து பார்த்தா, ஆதாரமில்லாத மீன் நீந்துறது தெரியுமே சார்."

"அதனாலதான் சொல்றேன், முதல்ல அடிப்படை நிலையை மீட்டெடுங்க. காயலை அப்புறம் மீட்டுக்கலாம்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. 'அடிப்படை நிலையைத் தற்காலிகமாக மீட்டெடுத்தல்' என்று படிவத்தார் தம் கைப்படத் தலைப்பிட்டார். படிப்பறிவில்லாதவர்கள் இதை 'மறுபடி அடைப்பது' என்பார்கள். அக்காவிடம் சொல்லும் பொறுப்பும் அவருக்கே வந்தது.

அக்கா வீட்டு வாசலில் மண்வெட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவர் சொல்லி முடிக்கும்வரை தடவிக்கொண்டே இருந்தாள்.

"பத்தே நாள் அக்கா. பார்த்துட்டுப் போனதும் முறைப்படி திறப்பாங்க. கல்லு வச்சுக் கட்டின வாய். எந்தப் புயலும் அசைக்க முடியாது. நீங்க வெட்டினது அடுத்த புயல்ல மூடிக்கும்."

"மூடினா இன்னும் ரெண்டு நாள் காலைல வெட்டிட்டுப் போறோம்."

"எத்தனை காலத்துக்கு வெட்டிட்டே இருப்பீங்க?"

"நீ எத்தனை காலத்துக்கு எழுதிட்டே இருப்பே?"

படிவத்தார் கையிலிருந்த கோப்பைத் திறந்து, மறுபடி மூடினார்.

"உள்ள ஆயிரக்கணக்குல குஞ்சு இருக்குடா. இந்த வெயில்ல அடைச்சா மூணு நாள் தாங்காது" என்றாள் அக்கா. "துவைச்சுத் துவைச்சு என் கை போச்சு. இதுதான் எனக்கு இருக்கிற வழி. உனக்குத் தெரியாதா?"

"தெரியும் அக்கா. உனக்காகத்தான் இவ்வளவும்."

அவர் இதை மனதார நம்பினார். அவரைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

"வெட்டின கையால நாங்க மண்ணைத் திருப்பிப் போட மாட்டோம். வேணும்னா நீயே போட்டுக்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

செவ்வாய்க்கிழமை மண் தள்ளும் இயந்திரம் வந்தது. பதினோரு பெண்கள் இரண்டு நாள் காலையில் பாடுபட்டுத் திறந்ததை அது அரை மணி நேரத்தில் மூடியது. அடைக்கும் துறையில் மனிதகுலம் அடைந்திருக்கும் முன்னேற்றம் மெய்சிலிர்க்க வைப்பது. வெயிலில் குடை பிடித்தபடி படிவத்தாரே மேட்டின் மேல் நடந்து நாற்பது காலடி அளந்தார். ஓரிடத்தில் உயரம் இடுப்பைத் தாண்டியதும் நிறுத்திச் சரி செய்யச் சொன்னார். விண்ணப்பத்தில் சொன்னதற்கு மேல் ஒரு சாண்கூட இருக்கக் கூடாது. பொய் அவருக்குப் பிடிக்காது.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். அதற்குள் காயல் முழு ஒத்துழைப்பு தந்திருந்தது. கரை நெடுக மீன்குஞ்சுகள் வெள்ளை வெள்ளையாக மிதந்தன. தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பெருமிதத்தோடு நின்றார்.

"படத்துல பார்த்ததைவிட சேதம் நல்லாவே இருக்கு" என்று சொல்லி அதிகாரி ஒரு குறிப்பு எழுதினார். பிறகு குனிந்து பார்த்தார். "மூணு வருஷத்துக்கு முன்னாடி செத்த மீன் எப்படி இவ்வளவு புதுசா இருக்கு?"

"தொடர் சேதம் மேடம்" என்றார் படிவத்தார்.

அதுவும் எழுதப்பட்டது. அடுத்து, பாதிக்கப்பட்டவர்களில் ஒருவரிடம் பேச வேண்டும் என்றது படிவம். மேட்டோரம் நின்ற பெண்களில் முன்னால் நின்றவளை அதிகாரி அழைத்தார். அது அக்கா.

"சொல்லுங்கம்மா. இந்தக் காயல் எப்படி அடைஞ்சுது?"

"முதல் தடவை புயல் அடைச்சுது. நாங்க வெட்டி விட்டோம். ரெண்டாவது தடவை என் தம்பி அடைச்சான். அதோ, குடை பிடிச்சிட்டு நிக்கிறான் பாருங்க, அவன்தான்."

அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. விலாசம் கேட்டவருக்கு வழி காட்டுவதைப் போலக் கையை நீட்டிக் காட்டினாள். தலைவர் கடலைப் பார்த்தார். படிவத்தார் தம் செருப்பைப் பார்த்தார். அதிகாரி படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"சேதத்துக்குக் காரணம்னு ஒரே ஒரு கட்டம்தான்மா இருக்கு. ரெண்டு எழுத முடியாது. புயல்னே போட்டுக்கறேன்."

பிறகு அவர் தலைவர் பக்கம் திரும்பி, நிதி கிடைத்த மாதிரிதான் என்றார். முதல் இரண்டு ஆண்டுகள் ஆய்வு நடக்கும். ஆய்வு முடியும்வரை மேட்டின் மேல் யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாது, வைத்தால் வழக்கு. தலைவர் கைதட்டினார். அக்கா அங்கே நிற்கவில்லை. விடுதியில் பிற்பகல் வேலைக்கு நேரமாகிவிட்டது.

கடைசிப் பக்கத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் கையெழுத்திட வேண்டியிருந்தது. 'மேற்படிச் சேதத்தை நேரில் கண்ட சாட்சி' என்று அச்சிட்ட கோட்டின் மேல் படிவத்தார் முத்து முத்தாகக் கையெழுத்திட்டார். சேதத்தைச் செய்தவர் கையெழுத்திட அந்தப் படிவத்தில் கோடு இல்லை.