தூரத்து நியாயவான்

விழுப்புரம் மாவட்டத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக்கு அடுத்தபடியாக நன்றாக விளைவது சமத்துவக் கட்டுரையாளர் என்னும் இனம். நீங்களும் அவரைப் பார்த்திருப்பீர்கள். காலை எட்டேகாலுக்குத் திண்டிவனத்தில் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் தோல்பையைக் கிடத்தி, அதன்மேல் வெள்ளைத்தாளை விரித்து, முன்சீட்டுக் கம்பியில் நெற்றி இடிக்காத அளவுக்குக் குனிந்து, இன ஒதுக்கல், பண்பாட்டு ஆதிக்கம், சமூக ஏற்றத்தாழ்வு ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றை விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள் ஒழித்துவிடுகிறவர் அவர்தான். டிக்கெட் கேட்டு வரும் கண்டக்டரை மட்டும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கண்டக்டர் வரலாற்றில் இடம்பெறாதவர்.

நம் கையில் அகப்பட்ட உருப்படி பேராசிரியர் டோமினிக். விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறார், வீடு திண்டிவனத்தில். சொந்த ஊர் கிளியனூருக்குப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கக் கிராமம். ஊர்ப் பெயரை வற்புறுத்திக் கேட்காதீர்கள், அங்கே பெண் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் நிறையப் பேர். டோமினிக் நல்ல மனிதர், அதில் சந்தேகமே வேண்டாம். எறும்பைப் பார்த்தால்கூடச் சுற்றிக்கொண்டு போவார். அந்த எறும்பு ஆப்பிரிக்க எறும்பாக இருந்தால் அதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதுவார்.

அவர் கட்டுரை எதுவானாலும் குகையில்தான் தொடங்கும். ஆதிமனிதன் கல்லை உரசுவான், தீ பிறக்கும், தீயைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் ஒருவன் கொஞ்சம் கிட்டே உட்காருவான், இன்னொருவன் கொஞ்சம் எட்டி உட்காருவான், அதோ பிறந்துவிட்டது ஏற்றத்தாழ்வு. அங்கிருந்து ரோமாபுரி அடிமைகள், கரும்புத் தோட்டங்கள், அமெரிக்கப் பருத்திக் காடு, கேப்டவுன் என்று உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி, கப்பல் இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைகிற நேரத்தில் பக்கம் தீர்ந்துவிடும். கடைசி வரி எப்போதும் ஒன்றே: "நம் நாட்டு நிலை தனியே ஆராயத்தக்கது." அந்தத் தனி ஆராய்ச்சி இருபத்திரண்டு வருஷமாகத் தனியாகவே இருக்கிறது.

அவருடைய கோபம் கிலோமீட்டரைப் பொறுத்தது. கேப்டவுனில் கறுப்பர்களுக்குத் தனி பெஞ்சு போட்டார்கள் என்று எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கும். வட இந்தியாவுக்கு வந்தால் கோபம் கவலையாகும். தஞ்சாவூர்ப் பக்கம் என்றால் "வேதனைக்குரியது". உளுந்தூர்ப்பேட்டை என்றால் "சிக்கலானது". கிளியனூர் வந்துவிட்டால் பேனாவில் மை தீர்ந்துவிடும். அவர் மனைவி பவுலினுக்கு இதெல்லாம் பழகிப்போன சங்கதி. "ஏங்க, ரெண்டு நாளா மோட்டார் ஓடல. கேப்டவுன்ல யாராவது எலக்ட்ரீஷியன் கெடைச்சா கையோட கூட்டிக்கினு வாங்க" என்பார். டோமினிக் அதையும் ஓர் அடிக்குறிப்புப் போலத் தாண்டிப் போய்விடுவார்.

இப்படிப்பட்டவரிடம்தான் சொந்த ஊர்க் கோயிலின் நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார் பங்குச் சாமியார். ஊரின் வரலாற்றைக் கேட்டார். டோமினிக் தலையை ஆட்டிவிட்டு, வழக்கம்போலக் குகைக்குள் போய்விட்டார். கட்டுரையின் பெயர், "காலனியாதிக்கக் கொடுமைகள்: ஓர் உலகப் பார்வை". அதில் வெள்ளைக்காரன் உண்டு, கப்பல் உண்டு, சவுக்கு உண்டு. ஊர் இல்லை.

மலர் வெளியீட்டுக்குப் பேனர் அடித்தார்கள். திண்டிவனத்தில் பேனர் கடை வைத்திருக்கும் தென்னரசு போன் செய்து, "சார், உங்க பட்டமே ரெண்டு லைன் புடிக்குது, எம்.ஏ., எம்.ஃபில்., பி.எட்., பிஎச்.டி.ன்னு. ஒண்ணு ரெண்டு கொறச்சிக்கலாமா?" என்று கேட்டான்.

"பட்டத்துல கைய வெக்காத. வேற எங்கனா கொறச்சிக்கோ" என்றார் டோமினிக்.

தென்னரசு சொன்ன பேச்சைக் கேட்கிறவன். குறைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் வாசலில் பன்னிரண்டு அடி அகலத்தில் பேனர் நின்றது. பேராசிரியரின் நாலு பட்டமும் குறைவில்லாமல் இருந்தன. அதற்குக் கீழே, இடம் போதாமல் "யாதிக்கக்"கும் உலகப் பார்வையும் காணாமல் போய், "காலனி கொடுமைகள்" என்று சிவப்பு எழுத்து.

அந்த ஊரில் காலனி என்றால் வெள்ளைக்காரன் இல்லை. தார் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி. காலனிக்காரர்கள் யார், அவர்கள் தாத்தாக்கள் யார் நிலத்தில் கூலி செய்தார்கள் என்பதெல்லாம் அங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஆகவே பூசை முடிந்து வெளியே வந்த இரண்டு பக்கத்து ஜனமும் பேனரைப் பார்த்தது, தன் தன் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றது.

பத்து மணிக்கெல்லாம் டோமினிக்கின் சித்தப்பா தொம்மை, ஒரு பை பச்சை மல்லாட்டையோடு திண்டிவனம் வந்து இறங்கிவிட்டார். வந்ததும் மருமகள் கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் டோமினிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டோமினிக்கு, நாப்பது வருசமா எங்க மனசுல கெடந்தத நீ பேனர்லயே போட்டுட்ட. அவுங்க பண்ற கொடுமைய எவன் எழுதறான்?"

"சித்தப்பா, அது வெள்ளைக்காரன பத்தின கட்டுரை."

"இருக்கட்டும். மொதல்ல வெள்ளக்காரன எழுதிட்டு, அப்பறம் இவுங்கள எழுது. மலரு இன்னும் அச்சுக்குப் போவல, கல்லற சொவுரு இடிஞ்சி கெடக்குதே, அதையும் சேத்துக்கோ. சாமியாரு இன்னா சொல்லிட்டாரு தெரியுமா? மலர்ல வரலாறு இன்னா சொல்லுதோ, அந்தப்படிதான் சொவுரு கட்றதா வேணாவான்னு முடிவாம். எல்லாம் உன் கையிலதான்."

அதுதான் விஷயம். ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு சுவர் இருந்தது; இந்தப் பக்கத்தவர் இங்கே, அந்தப் பக்கத்தவர் அங்கே என்று இரண்டு கேட். போன மழையில் சுவர் சாய்ந்தது. திரும்பக் கட்ட வேண்டும் என்கிறது ஊர். விழுந்தது விழுந்ததாகவே இருக்கட்டும் என்கிறது காலனி. எந்தப் பக்கமும் பேச முடியாத சாமியார், முடிவை வரலாற்றின் தலையில் கட்டிவிட்டார். வரலாறோ திண்டிவனத்தில் உட்கார்ந்துகொண்டு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் லூர்துசெல்வி வந்தாள். காலனிப் பெண், பி.ஏ. வரலாற்றில் டோமினிக்கின் மாணவி. இப்போது கண்டாச்சிபுரம் தாலுக்கா ஆபீசில் வேலை. டோமினிக் பதறிப்போய், பேனர் கதையை வியர்க்க வியர்க்கச் சொல்ல ஆரம்பித்தார்.

"தெரியும் சார்" என்றாள் அவள். "காலனியாதிக்கம்னா இன்னான்னு நீங்கதான நடத்துனீங்க. எங்க தெரு ஆளுங்ககிட்ட வெளக்கிச் சொல்லிட்டேன். பேனர்ல பட்டம் போக மிச்ச எடத்துலதான் நாமன்னு சொன்னேன், சிரிச்சிட்டாங்க. நான் வந்தது அதுக்கில்ல."

"சொல்லும்மா."

"இடிஞ்ச சொவுரு எங்கப்பா கல்லற மேலதான் சார் வுழுந்து கெடக்குது. எட்டு மாசமா செங்கல்ல எடுக்க வுட மாட்றாங்க, சொவுரு செங்கல்லு, கட்டும்போது வேணும்ங்கறாங்க. நீங்க ஒரே ஒரு வரி எழுதுனா போதும். அந்தச் சொவுர யாரு கட்டுனாங்க, எதுக்குக் கட்டுனாங்க. நெஜத்த எழுதுனா அத திரும்பக் கட்டறதுக்கு யாருக்கும் மூஞ்சி இருக்காது."

டோமினிக்கின் கண் கலங்கிவிட்டது. பொய்யில்லை, உண்மையாகவே கலங்கியது. "எழுதறேம்மா. நிச்சயம் எழுதறேன்" என்றார். அவள் போனதும், "எழுதிடுவீங்களா?" என்று கேட்டார் பவுலின். "நாளைக்கு பஸ்ல" என்றார் டோமினிக்.

மறுநாள் காலை திண்டிவனத்தில் ஏறியதும், ஒரே மூச்சில் எழுதிவிட்டார்: "இச்சுவரை என் தாத்தாவும் அவர் பங்காளிகளும், செத்த பிறகும் காலனிக்காரர்களோடு சேரக்கூடாது என்ற சாதித் திமிரில் கட்டினார்கள்." இருபத்திரண்டு வருஷத்தில் அவர் எழுதிய ஒரே நல்ல வரி அது. படித்துப் பார்த்தார். அவருக்கே உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எட்டிப் பார்க்கிறாரோ என்று தாளைக் கொஞ்சம் மடித்துக்கொண்டார்.

கூட்டேரிப்பட்டில் நாலு பேர் ஏறினார்கள். ஒருவர் ஜாடையில் தொம்மை மாதிரி இருந்தார். "என் தாத்தாவும் அவர் பங்காளிகளும்" என்பது "முன்னோர்" ஆனது. யாருடைய முன்னோர்? பொதுவான முன்னோர். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் கொஞ்சம் நின்றது, சிந்திக்க நேரம் கிடைத்தது. திமிர் என்பது ஆய்வுச் சொல் அல்லவே? அடித்தார். சாதி என்பது ஒற்றைக் காரணம் அல்லவா, ஒற்றைக் காரணம் சொல்வது முறையியல் பிழை அல்லவா? அதையும் அடித்தார். முண்டியம்பாக்கத்தில் முன்னோரும் இறங்கிப் போனார்கள். விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் நுழையும்போது தாளில் இருந்தது இது: "இச்சுவர் பல்வேறு சமூக, பண்பாட்டுக் காரணிகளால் கட்டப்பட்டது."

டோமினிக் நிம்மதியாக மூச்சுவிட்டார். வரி வந்துவிட்டது, வாக்குத் தவறவில்லை, யார் மனமும் புண்படவில்லை. இதைவிட நடுநிலையாக ஒரு மனிதன் எப்படி எழுதுவான்?

மலர் வெளிவந்தது. கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவை கூடியது. சாமியார் அந்த வரியை மூன்று தடவை உரக்கப் படித்தார். தொம்மைதான் முதலில் பிடித்துக்கொண்டார். "பண்பாடுன்னு எழுதிக்கீறான் பாருங்க. பண்பாட்டுச் சொவுர இடிஞ்சபடி வுடலாமா? நாலு டிகிரி படிச்சவன் எழுதினது." காலனிப் பக்கத்திலிருந்து பேச எழுந்தவர்களைப் பார்த்து, வரலாற்றை எதிர்த்துப் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டே வாரத்தில் சுவர் எழும்பியது, பழைய சுவரைவிட ஓர் அடி உயரமாக. லூர்துசெல்வியின் அப்பா மேலிருந்த செங்கல்லை ஒருவழியாக எடுத்துவிட்டார்கள். எடுத்த செங்கல்லையெல்லாம் சுவரில் வைத்துவிட்டார்கள். நடுவில் ஒரு கறுப்புக் கல்வெட்டு: "பண்பாட்டுச் சின்னம். வரலாற்று ஆதாரம்: பேரா. டோமினிக்", அப்புறம் நாலு பட்டமும். கல்வெட்டில் இடம் தாராளமாக இருந்தது.

திறப்பு விழாவுக்கு டோமினிக் போக முடியவில்லை. அன்று விழுப்புரத்தில் கருத்தரங்கம். பெர்லின் சுவர் இடிந்ததைப் பற்றிப் பேசினார். "மனிதர்களைப் பிரிக்கும் எந்தச் சுவரும் நிலைக்காது" என்று சொல்லும்போது குரல் உடைந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் தொடர முடிந்தது. மாணவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கூட்டம் முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால், கண்டாச்சிபுரம் பஸ்ஸிலிருந்து இறங்கி லூர்துசெல்வி எதிரே வருகிறாள். கையில் மலர். அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் டோமினிக் தாங்கியிருப்பார், சத்தத்துக்கு அவரிடம் பதில்கள் உண்டு. அந்தப் பக்கத்தைப் பிரித்து நீட்டினாள்.

"கட்டப்பட்டதுன்னு எழுதிக்கீறீங்க சார். பரீட்சைப் பேப்பர்ல நாங்க இப்பிடி எழுதுனா, பக்கத்துல செவப்பு மையில 'யாரால்?'னு போட்டு அர மார்க்கு கொறைப்பீங்க. நியாபகம் இருக்குதா?"

பக்கத்தில் சிவப்பு மையில் 'யாரால்?' என்று போட்டிருந்தாள்.  திண்டிவனம் பஸ் கிளம்பியது. "பல காரணிகள்மா" என்றார் டோமினிக், ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

பாவம் என்கிறீர்களா? கோழை என்கிறீர்களா? இதைப் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த ஒருவர் முகம் கண்முன் வந்து, "அவனேதான்" என்று சிரித்திருப்பீர்கள். அது நோயின் முதல் அறிகுறி. இரண்டாவதை நீங்களே சோதித்துக்கொள்ளலாம். உங்கள் ஊரில் கல்லறைக்கோ சுடுகாட்டுக்கோ எத்தனை வழி? இரண்டாவது வழியை யார் போட்டது? உங்கள் வீட்டு ஆள் பெயர் ஒன்றைச் சொல்லிப் பதில் சொல்லுங்கள் பார்ப்போம். "அது அந்தக் காலத்திலேயே போடப்பட்டது" என்றுதான் வாயில் வருகிறதா? சரி, நாளைக் காலை எட்டேகாலுக்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். டோமினிக் பக்கத்து சீட்டில் உங்களுக்காகத் துண்டு போட்டு வைத்திருக்கிறார்.