மலைக்கு வைத்த முத்திரைகள்

மத்திய ஜெர்சி முத்தமிழ்ப் பேரவையின் அவசரச் செயற்குழுக் கூட்டம், தலைவர் நஞ்சுண்டன் அவர்களின் ஈஸ்ட் பிரன்ஸ்விக் இல்லத்து பேஸ்மென்ட்டில், பிங்பாங் மேசையைச் சுற்றி இனிதே கூடியது. மேசைமேல் சமோசா இருந்தது. அதைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு ஒரு மலையை விரித்தார்கள்.

மலை வான்மதி வரைந்தது. ஈரோட்டிலிருந்து அமெரிக்கா வந்தவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் படிக்க, சீன மை ஓவியம் படித்த ஒரே பெண் அவள். படித்த துறையில் சீக்கிரம் வேலை கிடைக்காவிட்டால் விசா அவளை ஈரோட்டுக்கே வழியனுப்பி வைத்துவிடும். அவளுக்குத் தெரிந்து காலியாக இருந்தது ஒரே ஒரு வேலை: கவுன்டி கலை மையத்தில் ஓவிய ஆசிரியை. மே மாத ஆசியக் கலைக் காட்சியில் யார் ஓவியம் தேர்வாகிறதோ அவருக்கு அந்த வேலை. ஆனால் ஓவியத்தைத் தனி ஆள் அனுப்பக் கூடாது. அந்தந்தச் சமூக அமைப்பு பார்த்து, ஒப்புதல் தந்து அனுப்ப வேண்டும்.

பேரவை பார்க்கத் தொடங்கியது.

"என்னம்மா, பாதி பேப்பர் சும்மா கெடக்கு?" என்றார் நஞ்சுண்டன்.

"அது மூடுபனி அங்கிள்."

"பனி எங்க? ஒண்ணும் வரையலையே."

"வரையாம விட்டா அதுதான் பனி. இந்தப் பேப்பர்ல மை பட்டா பட்டதுதான், அழிக்க முடியாது. அதனால எங்க வரையக் கூடாதுன்னு முதல்லயே டிசைட் பண்ணிடணும்."

"ஒண்ணும் செய்யாம, செஞ்சதா காட்டறது நம்ம பேரவைக்குப் புதுசு இல்லையே," என்றார் முன்னாள் தலைவர் மகாதேவன். தேர்தலில் தோற்றதிலிருந்து அவர் பொதுவாகத்தான் பேசுவார். யாரையும் குறிப்பிடுவதில்லை.

நஞ்சுண்டன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "பாலத்துல நிக்கறது யாரு? நம்ம மெம்பரா?"

"இல்ல அங்கிள், யாரோ வழிப்போக்கர். மலைக்கு முன்னாடி மனுஷன் எவ்ளோ சின்னவன்னு காட்டறதுக்காக."

"சின்னவன்னு எல்லாம் காட்டக் கூடாதும்மா," என்று செயலாளர் ராஜலக்ஷ்மி பதறினார். "ஸ்பான்சர்ஸ் எல்லாம் பார்ப்பாங்க."

பைன் மரம் நீண்ட ஆயுளுக்கு அடையாளம் என்று வான்மதி விளக்கினாள். யாருடைய ஆயுள், பதவிக்காலமே ரெண்டு வருஷம்தானே என்று மகாதேவன் மறுபடியும் பொதுவாகக் கேட்டார்.

அப்போதுதான் தலைவரின் பார்வை கீழ் ஓரத்திலிருந்த சிவப்புச் சதுரத்தில் விழுந்தது.

"இது?"

"என் முத்திரை. வரைஞ்சவங்க வைக்கறது."

"வரைஞ்சவங்க மட்டும்தானா?"

வேறு யாராக இருந்தாலும் 'ஆமா அங்கிள்' என்று சொல்லிவிட்டுச் சமோசாவை எடுத்திருப்பார்கள். வான்மதிக்குப் பொய் வராது. "இல்ல. அந்தக் காலத்துல படத்தை வெச்சிருந்தவங்க, பார்த்து ரசிச்ச ராஜாக்கள்கூட அவங்கவங்க முத்திரையை அதுமேலயே வெச்சிருக்காங்க."

பிங்பாங் மேசையைச் சுற்றி எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"ராஜாவே வெச்சிருக்காரா," என்றார் நஞ்சுண்டன் மெதுவாக.

தொன்மையான கலை மரபைப் பேணும் பொருட்டு, ஓவியத்தைப் பார்வையிட்ட பொறுப்பாளர்கள் அனைவரும் அதன்மீது முத்திரையிடுவது எனத் தீர்மானிக்கப்பட்டது. பேரவை தொடங்கிய நாளிலிருந்து ஏகமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அது.

அடுத்த ஞாயிறு ஆன்லைனில் ஆர்டர் செய்த முத்திரைகளோடு கூடினார்கள். தலைவருடையதைவிட மகாதேவனுடையது ஓரங்குலம் பெரிதாக இருந்தது. "ஆர்டர் பண்றப்ப கை தவறிடுச்சு," என்றார் அவர். நஞ்சுண்டன் தன்னுடையதை இரண்டு முறை வைத்து ஈடுகட்டினார். அருவி மகளிர் அணிக்குப் போனது. வழிப்போக்கன் தலைமேல் இளைஞர் அணி இறங்கியது. பைன் மரத்தை ரியல் எஸ்டேட் ஸ்பான்சர் எடுத்துக்கொண்டார். அவர் முத்திரையில் போன் நம்பரும் இருந்தது.

பேரவையைத் தொடங்கிய கிட்டுசாமி டெக்சாஸில் ஃபிரிஸ்கோவுக்குக் குடிபோய் வெகுகாலம் ஆயிற்று. அதற்காக அவரை விட்டுவிட முடியுமா? முத்திரை கொரியரில் வந்தது, அவர் வீடியோ காலில் வந்தார். "கொஞ்சம் லெஃப்ட்ல. இன்னும் மேல. அங்க யாரு வெச்சிருக்கா? அவருக்கு மேல வைங்க."

"பனி போயிடுது அங்கிள்," என்றாள் வான்மதி.

"பனின்னா போகத்தானே செய்யும்," என்றார் நஞ்சுண்டன்.

படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று அவளுக்கு இருந்தது. போனால் ஒப்புதல் இல்லை. ஒப்புதல் இல்லாவிட்டால் ஈரோடு. சிவப்பு மையைக் குழைத்துக் கொடுத்தாள்.

கலை மையத்தில் நடுவர் ஹார்ப்பர் அம்மையார் மற்ற ஓவியங்களை நடந்துகொண்டே பார்த்தார். இதன் முன்னால் மட்டும் நின்றுவிட்டார். பின்னால் பேரவை முழுவதும் பட்டு வேட்டி சேலையில் அணிவகுத்து நின்றது.

"இயற்கையை நிர்வாகம் எப்படி விழுங்குகிறது என்பதை இவ்வளவு துணிச்சலாக நான் பார்த்ததே இல்லை," என்று ஆங்கிலத்தில் உருகினார் அம்மையார்.

"நிர்வாகம்னு நம்மளத்தான் சொல்றாங்க," என்று நஞ்சுண்டன் ராஜலக்ஷ்மியிடம் கிசுகிசுத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்.

வான்மதிக்கு மனசு கேட்கவில்லை. "மேடம், இதுல கருத்து ஒண்ணும் இல்ல. இவங்க நிஜமாவே வெச்சுட்டாங்க."

அம்மையார் கண்ணை மூடித் திறந்தார். "விமர்சிக்கப்படும் நிர்வாகத்தையே உடன் படைப்பாளியாக்கியிருக்கிறீர்கள். வேலை உங்களுக்குத்தான். ஒரே ஒரு குறை."

அவர் விரல் ஓவியத்தின் மேல்பகுதியைக் காட்டியது. அங்கே விரலகலத்துக்கு மலையுச்சி தெரிந்தது. உச்சி நடப்புத் தலைவருக்கா, முன்னாள் தலைவருக்கா என்ற தகராறு கடைசிவரை தீராததால் தப்பிய இடம். காய்ந்த தூரிகையால் ஒரே இழுப்பில், மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் இழுத்த கோடு.

"இங்கே மட்டும் ஓவியம் தெரிகிறது. வேண்டுமென்றே விட்டதா?"

வான்மதி அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இல்ல மேடம். கவனக்குறைவு."

நஞ்சுண்டன் ஜிப்பா பையிலிருந்து முத்திரையை எடுத்தார். மகாதேவனும் எடுத்தார். வான்மதி முன்னால் போய், காகிதம் நகராதபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.